சென்னையில் தொழில் பழக்கத் தொடங்கிய பள்ளிகளெல்லாம் ஏன் காலேஜ் ஆகிவிட்டன?

வேப்பேரி வாசகன்:
"மெக்காலே வந்தான், குமாஸ்தா தயாரிக்கப் பள்ளிக்கூடம் திறந்தான், அன்றைக்குப் போனது கைத்தொழிலின் மதிப்பு" என்று எந்த வாட்ஸப் குழுவில் பார்த்தாலும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். சென்னையை மட்டும் எடுத்துக்கொண்டால் இது பாதிகூடத் தேறாது. மெக்காலே தன் ஆங்கிலக் கல்விக் குறிப்பை எழுதியது 1835ல். அதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1794ல், மைக்கேல் டாப்பிங் இங்கே ஒரு சர்வே பள்ளி தொடங்கிவிட்டார். முதலில் சேர்ந்தவர்கள் 8 பையன்கள். அதுதான் இன்றைக்குக் கட் ஆஃப் பார்த்து வயிறு கலங்குகிற கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார், அடுத்த வருஷமே அதில் கைத்தொழில் பிரிவும் வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் கவின்கலைக் கல்லூரி அதுதான். 1877ல் ராயபுரத்தில் ஒரு மெடிக்கல் ஸ்கூல், இன்று ஸ்டான்லி. 1916ல் டிரேட்ஸ் ஸ்கூல், இன்று தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக்.

நான் பார்த்தவரை கதை ஒன்றேதான். கீழ்நிலை வேலைக்கு ஆள் பழக்கத்தான் திறக்கிறார்கள். நாளாக ஆக அது டிப்ளமா, டிகிரி என்று ஏறிவிடுகிறது. கீழே இடம் காலியாகிறது, அதை நிரப்ப அரசு வேறொன்றைத் திறக்கிறது, அதுவும் ஏறுகிறது. நம்மிடம் தொழிற்பள்ளி இல்லாமல் இல்லை, எதையும் நாம் தொழிற்பள்ளியாக இருக்கவிடவில்லை. இதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கிண்டி பழையவன்:
நல்ல கேள்வி. அந்த 8 பையன்கள் யார் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் முழுசாகப் புரியும். எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருந்தது. பெரும்பாலும் ஐரோப்பியத் தகப்பன், இந்தியத் தாய். பெரிய இடத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காது, தெருவிலும் விட முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ புதிதாகப் பிடித்த நிலத்தையெல்லாம் அளக்க ஆள் வேண்டும், இங்கிலாந்திலிருந்து சர்வேயர் வரவழைத்தால் செலவு தாங்காது. சரி, விடுதிப் பையன்களைப் பழக்கிவிடலாம் என்று முடிவானது. டாப்பிங் 1796ல் இறந்துபோனார், அப்புறம் பள்ளியைப் பார்த்துக்கொண்டவர் ஜான் கோல்டிங்ஹாம், ராஜாஜி ஹாலைக் கட்டிய அதே ஆள். அங்கே பழகிய பையன்கள் மெக்கன்சியின் மைசூர் சர்வேயிலும், 1802ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) அளந்து தொடங்கிய லாம்டனின் சர்வேயிலும் உதவியாளர்களாக வெயிலில் நடந்தார்கள். தேசப்படம் போட்டவர்கள் என்று வெள்ளைக்காரர் பெயர் நிற்கிறது, சங்கிலி இழுத்தவர்கள் இவர்கள்.

1859ல் அது சிவில் இன்ஜினியரிங் காலேஜ் ஆனது, 1894ல் மெக்கானிக்கல் வந்தது, 1920ல் கிண்டிக்கு இடம் மாறியது, 1978ல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் போனது. நான் படித்தபோது சர்வே கேம்ப்பில் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு போவதற்கே பையன்கள் முகம் சுளிப்பார்கள். எதற்காகத் திறந்த பள்ளி என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

சும்மா ஒருவன்:
அதே எழும்பூர் விடுதியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் 1796 வரை இருந்தார். வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டவில்லை, இருந்தவர்களுக்குப் புது முறையில் இஷ்டமும் இல்லை. நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை மற்ற சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவிட்டார். நம் சட்டாம்பிள்ளை ஏற்பாடுதான் இது! ஊர் திரும்பி 1797ல் அதைப் புத்தகமாகப் போட்டார், இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது. நாம் இங்கே கான்வென்ட்டுக்குக் கியூவில் நிற்கிறோம்.

ஆனால் வாசகன் சார், திண்ணைப் பள்ளியை விட்டுவிட்டு 1794ல் தொடங்குவது நியாயமில்லை. கவர்னர் மன்றோ 1822ல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வந்தது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற கணக்குப் பாடங்கள், கடிதம் எழுதுவது, ஓலை படிப்பது. கணக்குப்பிள்ளை வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி என்ன இருக்கிறது? குமாஸ்தா ஆசையை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்பதெல்லாம் சும்மா.

ஃபிட்டர் பெரம்பூர்:
அந்தப் பள்ளிகளில் யாருடைய பிள்ளை உட்கார்ந்திருந்தது என்றும் கேளுங்கள். மன்றோவின் கணக்கிலேயே பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் ஏது இடம்? ஆல்காட் 1894ல் அடையாறு பக்கம் பஞ்சமர் (தாழ்த்தப்பட்டோர்) பள்ளி திறந்ததைப் பெரிய சம்பவமாகச் சொல்கிறோம் என்றால், அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். கைத்தொழிலுக்கோ பள்ளியே கிடையாது, அப்பன் தொழில் பிள்ளைக்கு, அவ்வளவுதான். தச்சன் வீட்டில் தச்சு, நெசவுக்காரன் வீட்டில் தறி. சிந்தாதிரிப்பேட்டையை 1730களில் நெசவாளிகளைக் குடிவைக்கத்தான் உண்டாக்கினார்கள், தறிப் பள்ளி என்று ஒன்றும் கட்டவில்லை, பழக்கம் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

வேப்பேரி வாசகன்:
இதை ஒப்புக்கொள்கிறேன், என் வாதத்துக்கும் இது உதவுகிறது. பிறப்பால் வந்த தொழிலுக்குச் சான்றிதழ் கிடையாது, சம்பளப் பட்டியலும் கிடையாது. 1841ல் தொடங்கிய அரசு ஹைஸ்கூல் (பின்னால் பிரசிடென்சி), 1842 பச்சையப்பன், 1857 பல்கலைக்கழகம் என்று வந்தபோது மெட்ரிகுலேஷன் என்ற ஒரு தாளுக்குச் சர்க்கார் வேலை கிடைத்தது. யாராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் ஓடியிருப்பார்கள். பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. பெயில்' என்று போட்டுக்கொண்ட ஊர் இது. பாஸ் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வாசல் வரை போய்விட்டு வந்தேன் என்பதற்கே மரியாதை இருந்தது.

கோடம்பாக்கம் கிறுக்கன்:
கவின்கலைக் கல்லூரி கதையில் ஒரு நல்ல இடம் விட்டுப்போகிறது. ஆல்பிரட் சாட்டர்டன் என்று ஒருவர், கிண்டியில் பேராசிரியராக இருந்தவர். 1898 வாக்கில் கலைப் பள்ளியில் அலுமினியத்தில் பாத்திரம் செய்யப் பழக்கினார். பித்தளை, செம்பு அடித்துப் பழகிய கை, புது உலோகம். பள்ளிக்கூடப் பட்டறையில் செய்த சாமான் விற்பனையும் ஆனது, அதிலிருந்து ஒரு கம்பெனியே கிளம்பியது. அரசுப் பள்ளி வியாபாரம் செய்யலாமா என்று தனியார் முதலாளிகள் கத்தியதும் நடந்தது. நம் வீட்டு அலுமினியக் குண்டான் ஒரு ஆர்ட் ஸ்கூல் பட்டறை வழியாக வந்தது என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்?

அப்புறம் 1929ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்புக்கு வந்தார். மெரினாவில் பாறையை நெம்பும் நாலு பேர் இருக்கிறார்களே, உழைப்பாளர் சிலை, அது அவர் கை. அவருக்குப் பின்னால் ஓவியர் பணிக்கர், 1966ல் அவர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். கலைக்கு இது பொற்காலம், மறுக்கவில்லை. ஆனால் மண்பாண்டமும் மரவேலையும் ஓரமாகிவிட்டன. உழைப்பாளிக்குச் சிலை செய்த பள்ளியில் உழைப்பாளிக்கு இடம் குறைந்தது என்று எழுதினால் அண்ணன்கள் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

திருவல்லிக்கேணி டீச்சர்:
எல்லாரும் ஆண்பிள்ளைகளின் கதையாகவே எழுதிக்கொண்டு போகிறீர்கள். பெண்களுக்கு இந்த ஊரில் வேலைக்கான படிப்பு எங்கிருந்து வந்தது என்றால், விதவைகளிடமிருந்து வந்தது. சகோதரி சுப்புலட்சுமி தானே குழந்தை விதவை. 1911ல் பட்டம் வாங்கி, அடுத்த வருஷம் எழும்பூரில் சின்ன வயது விதவைகளைச் சேர்த்துக்கொண்டு விடுதி தொடங்கினார், அப்புறம் அது கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. தலை மழித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்கவைத்து வாத்தியாராக்கினார். ஏன் வாத்தியார் வேலை? பெண் பிள்ளைகளைப் பெண்தான் படிக்கவைக்கலாம் என்று பெற்றோர் சொன்னார்கள், அந்த வேலைக்கு ஆளே இல்லை, ஆண்களோடு போட்டியும் இல்லை. லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அவரே முதல் பிரின்சிபால்.

நான் அந்த வழியில் வந்தவள்தான், செகண்டரி கிரேடு டிரெயினிங் முடித்து மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்தேன். வாசகன் சொல்கிற 'மேலே ஏறுவது' எங்களிடமும் நடந்தது. முன்பு எட்டாவது படித்தாலே ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம், அப்புறம் எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் பிளஸ் டூ, இப்போது பயிற்சியை முடித்த பிறகும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். படிப்பு உயர்ந்தது நல்லதுதான், ஆனால் ஒரு ஏழைப் பெண் பதினெட்டு வயதில் சம்பாதிக்கத் தொடங்க முடிந்தது போய், இருபத்தைந்து வயதிலும் வீட்டில் கேட்டு வாங்குகிறாள்.

இன்னொன்று. படிப்பு, பயிற்சி என்று பேசும்போது சோற்றை மறக்காதீர்கள். 1920ல் தியாகராயர் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள், பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. அந்தச் செலவையும் வெள்ளைக்கார அரசு ஒப்புக்கொள்ளாமல் சில வருஷத்தில் நின்றது.

ஃபிட்டர் பெரம்பூர்:
டீச்சரம்மா சொன்னது ரொம்பச் சரி.

ஐ.டி.ஐ. பற்றி இங்கே எழுதுகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. ஃபிட்டர் டிரேடில் சேர்ந்தால் முதலில் மிஷின் பக்கம் விடவே மாட்டார்கள். கையில் ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) துண்டு, ஒரு அரம். வைஸில் கடித்து வைத்து ராவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். துகள் அரத்துப் பல்லில் சிக்கி வேலையைக் கீறாமல் இருக்கச் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்வோம். ராவி முடித்ததாக நினைத்துக் கொண்டுபோனால் இன்ஸ்ட்ரக்டர் ட்ரை ஸ்கொயரை (மூலை மட்டத்தை) வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் பேசாமல் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். அரத்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறவனுக்கு நடுவில் மேடு தட்டும், அது முதல் நாளே தெரிந்துவிடும். நாலு பக்கமும் சதுரம் வருவதற்குள் உள்ளங்கை காய்த்துப்போகும். ஆனால் அதற்கப்புறம் எந்த இரும்பைத் தொட்டாலும் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று கை சொல்லும். இதை எந்த டிகிரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

நான் முடித்த காலத்தில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, பெரம்பூர் ஒர்க்ஷாப், கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட் எல்லாம் ஆள் எடுத்தன. 1955ல் ஐ.சி.எஃப். ஆரம்பித்தபோது சுவிஸ் கம்பெனியின் தொழில்நுட்பம், அதைப் பழகிக்கொண்டது வடசென்னைப் பிள்ளைகளின் கை. என் பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்த்தேனா என்று கேட்டால், இல்லை. இன்ஜினியரிங்தான். பெண் கேட்டுப் போகும் இடத்தில் 'ஃபிட்டர்' என்றால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சும்மா ஒருவன்:
அண்ணே, கடைசி வரியில் இந்த இழையையே முடித்துவிட்டீர்கள். காரணம் வெள்ளைக்காரனும் இல்லை, அரசும் இல்லை, மாமனார்தான் :)

சீரியஸாக ஒன்று. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டம், குலக்கல்வி என்று பெயர் வாங்கியதே, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. தினம் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் ஊரில் தொழில் பழகு. கைத்தொழிலைப் படிப்போடு சேர்க்க வந்த ஒரே துணிச்சலான முயற்சி அது. அரசியலால் செத்தது.

ஃபிட்டர் பெரம்பூர்:
தம்பி, அந்தத் திட்டம் கிராமத்துப் பள்ளிகளுக்குத்தான் வந்தது. சென்னையில் படித்த வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு முழு நாள் பள்ளி, கிராமத்தில் சலவைத் தொழிலாளி பிள்ளைக்கு அரை நாள் பள்ளி. மீதி அரை நாள் யாரிடம் தொழில் பழகுவான்? அப்பனிடம்தான். சான்றிதழ் உண்டா, வேறு தொழில் மாறிக்கொள்ள வழி உண்டா? எதுவும் இல்லை. எதிர்த்தது சரிதான், 1954ல் காமராஜர் எடுத்துவிட்டதும் சரிதான். கைத்தொழில் உயர்ந்தது என்றால் மயிலாப்பூரில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

கிண்டி பழையவன்:
பெரம்பூராரோடு சேர்ந்துகொள்கிறேன். ஒரு பின்விளைவை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் இந்த மாநிலத்தில் பள்ளிக்குள் கைவேலை என்று யார் பேசினாலும் குலக்கல்வியா என்று கேள்வி வரும். பயம் நியாயமானது, ஆனால் அந்தப் பயத்தில் பள்ளிக்கூடத் தச்சுப் பட்டறை பூட்டியே கிடந்தது. 1978ல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் சேர்ந்து வந்தது, அதில் யாரைத் தள்ளினார்கள் என்று டீச்சரையே கேளுங்கள்.

திருவல்லிக்கேணி டீச்சர்:
மார்க் குறைந்தவர்களைத்தான். "உனக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காது, வொகேஷனல் எடுத்துக்கோ." தண்டனை கொடுப்பது மாதிரிதான் சொல்வார்கள். அதில் வந்து நன்றாக முன்னேறிய பிள்ளைகளும் உண்டு, ஆனால் பள்ளி ஆண்டு மலரில் அவர்கள் படம் வராது.

இன்னொரு பள்ளியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள், டைப் இன்ஸ்டிடியூட். தெருவுக்கு ஒன்று இருந்தது. காலையில் ஆறு மணிக்கே படபடவென்று சத்தம், ரெமிங்டன், ஹால்டா, ஃபாசிட். பழைய மிஷினில் 'எ' எழுத்து பாதி தேய்ந்திருக்கும், அந்த மிஷின் யாருக்கு வருகிறது என்று சண்டை. லோயர், ஹையர் என்று அரசுப் பரீட்சை, அன்றைக்கு மிஷினையெல்லாம் மாட்டு வண்டியிலோ ரிக்ஷாவிலோ ஏற்றிப் பரீட்சை ஹாலுக்குக் கொண்டுபோவார்கள். என் தங்கை தன் மிஷின் குலுங்கிவிடப் போகிறதே என்று வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். கல்யாணம் ஆகும் வரை பெண் பிள்ளை வீட்டை விட்டு வெளியே போக வீட்டில் கேள்வி கேட்காமல் அனுமதித்த இடம் அது. எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டது! அரசு ஒரு கட்டிடம்கூடக் கட்டவில்லை, பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் மட்டும் வைத்துக்கொண்டது. அதனால்தானோ என்னவோ அது ஒன்றுதான் காலேஜ் ஆகவில்லை.

வேப்பேரி வாசகன்:
டீச்சர், கடைசி இரண்டு வரியை நான் எடுத்துக்கொள்கிறேன். கட்டிடம் இல்லை, பிரின்சிபால் பதவி இல்லை, ஆசிரியர் சங்கம் இல்லை. ஏறுவதற்கு யாருக்கும் ஆதாயம் இல்லை, அதனால் இருந்த இடத்திலேயே இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் வெகுவாகக் குறைந்தும் போனது. 90களில் அதே மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் போர்டு ஏறியது. ஃபாக்ஸ்ப்ரோ, கோபோல் என்று கம்ப்யூட்டர் மொழிகள், அப்புறம் 2000ம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்ற ஒய்2கே காய்ச்சல். நானும் அப்படி ஒரு சென்டரில் முழுப் பணத்தையும் கட்டினேன், கோர்ஸ் பாதியில் இருக்கும்போது ஒரு காலையில் ஷட்டர் போட்டிருந்தது. டைப் இன்ஸ்டிடியூட்டுக்கு இருந்தது போல ஒரு பொதுப் பரீட்சை மட்டும் இதற்கும் இருந்திருந்தால், கற்றதாவது கையில் நின்றிருக்கும். அவரவர் சான்றிதழை அவரவரே அச்சடித்தார்கள்.

தரமணி:
முதல் முறை எழுதுகிறேன், பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவன். டிரேட்ஸ் ஸ்கூல் 1946ல் சென்ட்ரல் பாலிடெக்னிக் ஆனது, பெயர் மாறியதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இங்கே என்னவெல்லாம் ஓடியது தெரியுமா? 40களிலேயே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாலிடெக்னிக்கில் டிப்ளமா. அதிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான் பி.சி. ஸ்ரீராம் படித்த பிலிம் இன்ஸ்டிடியூட். ஸ்டுடியோக்கள் கோடம்பாக்கத்தில், லேபில் கழுவ, விளக்குப் பிடிக்க, மைக் போட ஆள் வேண்டும், அதற்காக வைத்த படிப்பு. தோலுக்கு, அச்சுக்கு, கேட்டரிங்குக்கு என்று இந்த ஊரில் தனித்தனியாகப் பள்ளிகள் வந்ததும் இதே மாதிரிதான். எதிரே தொழில் இருந்தால் படிப்பு தானாக நிற்கும்.

இப்போது ஏணியின் விதியைப் பாருங்கள். ஐ.டி.ஐ. முடித்தவன் நேராக டிப்ளமா இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஏழைப் பிள்ளைக்கு இது பெரிய வரம், நான் இதற்கு எதிரி இல்லை. ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவனில் பாதிப் பேர் சூப்பர்வைசர் ஆக வரவில்லை, நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழைய வந்திருக்கிறான். லேத் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை, கணக்குத் தாளில்தான் கவனம். பள்ளி ஏறுவதற்கு முன்னால் பிள்ளைகள் ஏறிவிடுகிறார்கள், அதைப் பார்த்துத்தான் நிர்வாகமும் ஏறுகிறது.

ஃபிட்டர் பெரம்பூர்:
ஏறட்டும் சார். ஏறுகிறவன் காலைப் பிடித்து இழுக்கச் சொல்லவில்லை. ஏறாதவனுக்கும் கௌரவமான சம்பளம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சி.என்.சி. மிஷினை (கம்ப்யூட்டர் வைத்து இயக்கும் கடைசல் மிஷினை) ஓட்டத் தெரிந்த பையனை காண்ட்ராக்டில் வைத்துக்கொண்டு, டிப்ளமா படித்துவிட்டுக் கையில் ஃபைலை வைத்துக்கொண்டு சுற்றுகிறவனுக்கு அவனைவிட அதிகமாகக் கொடுத்தால், எந்த அப்பன் மகனை டர்னர் ஆக்குவான்? இப்போது 71 அரசு ஐ.டி.ஐ.களுக்கு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடியில் ரோபோ, சி.என்.சி. எல்லாம் இறக்கியிருக்கிறார்கள். மிஷின் நல்ல மிஷின்தான், நான் போய்ப் பார்த்தேன். அரம் ராவச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் குறைத்துவிடாதீர்கள் என்று அங்கிருந்த இளம் இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சும்மா ஒருவன்:
ராயபுரத்தையும் ஒருமுறை பாருங்கள். அங்கே எல்.எம்.பி. என்று குறுகிய படிப்பு, அதை முடித்தவர்கள் தாலுகா ஊர்களில் போய் உட்கார்ந்தார்கள். 1938ல் மெடிக்கல் காலேஜ் ஆனது. பாதிப் படிப்பு டாக்டரிடம் ஏன் போக வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டது நியாயம். எம்.பி.பி.எஸ். வந்தவர்கள் தாலுகாவுக்குப் போகமாட்டேன் என்றதும் உண்மை. இரண்டு பக்கமும் சரியாக இருக்கும்போது யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

திருவல்லிக்கேணி டீச்சர்:
யாரையும் திட்ட வேண்டாம். தரமணி தம்பி, ஒரு உதவி. பக்கத்து வீட்டுப் பெண் பத்தாவது முடித்திருக்கிறாள், வீட்டில் மூன்று வருஷம் காத்திருக்க வசதி இல்லை. எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் டிரேடில் பெண்கள் சேர்கிறார்களா, விடுதி உண்டா?

தரமணி:
நிறையச் சேர்கிறார்கள், டீச்சர். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் கொடுக்கிறார்கள். பெண்களுக்கென்றே தனி ஐ.டி.ஐ. கிண்டியில் இருக்கிறது. விடுதி பற்றி அங்கேயே நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஆன்லைன் விண்ணப்பத்தை அங்கேயே போட்டுத் தருவார்கள். கவுன்சலிங்கில் டிரேடு கேட்கும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்கிறார்கள் என்று தையலை மட்டும் எழுதிவிட்டு வந்துவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.